கையில் மரமா, மேசையில் மரமா?

போன ஆண்டு சிங்கப்பூரின் தெங்காவில் என் தம்பிக்குப் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு கிடைத்தது. பால் காய்ச்சிய அன்று, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கேட்டான்: “அக்கா, வாசலுக்கு ‘நிழல்’னு மரத்துல பேர் செதுக்கி மாட்டணும். கடையில குடுக்க வேணாம், நானே செய்யறேன். எந்தக் கத்தி வாங்கணும்னு சொல்லு.” கை கழுவப் போன இடத்தில் அவன் மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். 16 வயது, தேர்வு முடிந்து வீட்டில் இருக்கிறாள். “அத்தை, எனக்கு ஒரு உளி செட் வேணும். குட்டி குட்டியா ஆமை, யானை, நீர்நாய் எல்லாம் பண்ணப் போறேன்.”

தம்பியிடம் “கத்தி வேண்டாம், உளி வாங்கு” என்றேன். மகளிடம் “உளி வேண்டாம், ஒரே ஒரு கத்தி போதும்” என்றேன். இரண்டு பேருக்கும் முகம் வாடிவிட்டது. கேட்டதற்கு நேர்மாறாகச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? விருந்து வீட்டுக் கூச்சலில் காரணத்தைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவர்களைப் போலவே முதல் கருவி வாங்கும் முன் தயங்கி நிற்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், விளக்கத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். தமிழில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. பென்சிலைச் சீவுகிறோம், இளநீரைச் சீவுகிறோம். சிலையைச் செதுக்குகிறோம். சீவ ஒரு கத்தி, செதுக்க ஓர் உளி. ஆங்கிலத்தில் விட்லிங், கார்விங் என்று பிரிப்பதும் இதைத்தான். விட்டில் என்பது ஒரு காலத்தில் கத்திக்கே பெயராக இருந்தது. சீவுவதும் ஒரு வகைச் செதுக்கல்தானே என்று கேட்டால், ஆமாம், அப்படியும் சொல்லலாம். ஆனால் கருவி வாங்கப் போகிறவருக்கு அந்தப் பதிலால் பயன் இல்லை.

என்னைக் கேட்டால், கருவியைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: வேலை நடக்கும்போது மரம் எங்கே இருக்கிறது? சீவும்போது மரம் இடது கையில் இருக்கிறது. ஒரு கை மரத்தைத் திருப்பிக் கொடுக்க, இன்னொரு கை வெட்டுகிறது. செதுக்கும்போது மரம் மேசையில் இறுகிக் கிடக்கிறது, இரண்டு கையும் கருவியில் இருக்கின்றன. ஒரு கை உளியைப் பிடித்து வழிகாட்டும், இன்னொரு கை தள்ளும் அல்லது கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்டும். மற்ற எல்லா வித்தியாசமும் இதிலிருந்து வருவதுதான். கையில் பிடிப்பதால் உள்ளங்கையில் அடங்கும் அளவுதான் செய்ய முடியும். விரல்களின் பலம்தான் எல்லை என்பதால் மென்மையான மரம்தான் ஒத்துவரும். மேசையில் பூட்டிவிட்டால் உடம்பின் எடையே கருவிக்குப் பின்னால் வந்துவிடும். தேக்கையும் தோண்டலாம், கதவளவு பலகையிலும் வேலை பார்க்கலாம். அதற்கு ஈடாக மேசை, இறுக்கி, இடம், சத்தம் எல்லாம் கூடவே வரும்.

மகள் கேட்ட ஆமையை எடுத்துக்கொள்வோம். 5 சென்டிமீட்டர் சதுரம், 7 சென்டிமீட்டர் நீளம், அவ்வளவுதான் கட்டை. இதை மேசையில் இறுக்கி உளியால் செய்யப் போனால், ஒவ்வொரு பக்கத்துக்கும் இறுக்கியைக் கழற்றி, திருப்பி, மறுபடி பூட்ட வேண்டும். ஓட்டின் வளைவுக்குள் நான்கு முறை, கழுத்துக்கு இரண்டு முறை, காலுக்குக் காலுக்கு ஒரு முறை. கையில் வைத்துச் சீவினால் மரம் தானாகச் சுழலும். எந்தப் பக்கம் தடித்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே பெருவிரலுக்குத் தெரிந்துவிடும். சின்ன உருவத்துக்குக் கத்தியை மிஞ்ச எதுவும் இல்லை என்று நான் நம்புவது இதனால்தான்.

கத்தி வேலைக்கு மூன்று வெட்டு தெரிந்தால் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம். ஒன்று, இழுப்பது. கையில் வைத்தே உருளைக்கிழங்குத் தோல் சீவும் அதே அசைவு; கத்தி நம்மை நோக்கி வரும். இரண்டாவது, தள்ளுவது. மரத்தைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல், கத்தியின் முதுகில் அழுத்தி அதை முன்னே நகர்த்தும். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர், அதற்குமேல் போகாது. நுணுக்கமான இடமெல்லாம் இதில்தான் முடியும். மூன்றாவது, தடுப்பு வெட்டு. ஆமையின் கழுத்தும் ஓடும் சேரும் இடத்தில் கத்தியைக் குறுக்கே அழுத்தி ஒரு கோடு போட்டுவிட்டு, கழுத்துப் பக்கமிருந்து அந்தக் கோட்டை நோக்கிச் சீவினால், சீவல் அங்கே வந்து நின்று தானாக உதிரும். கோடு போடாமல் சீவினால் ஓட்டின் விளிம்பும் சேர்ந்து பிய்ந்து வரும்.

இந்த முதல் வெட்டில்தான் நான் அடிபட்டேன். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தி மழுங்கியிருந்தது, எனக்கு அது தெரியவில்லை. சீவல் வரவில்லையே என்று கூடுதலாக அழுத்தி இழுத்தேன். கணுவைத் தாண்டியதும் கத்தி ஒரே தாவலில் பெருவிரலில் வந்து நின்றது. மூன்று தையல். அழுத்த வேண்டிய தேவை வந்துவிட்டாலே கத்தியைத் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது பெருவிரலை வெட்டும் பாதைக்குக் கீழே மடக்கி வைக்கிறேன், தோல் உறையும் மாட்டுகிறேன். வெட்டுத் தாங்கும் கையுறை இடது கைக்கு அவசியம் வேண்டும். ஆனால் அது வழுக்கி வரும் விளிம்பைத்தான் தடுக்கும், குத்த வரும் நுனியைத் தடுக்காது. கையுறை இருக்கிறதே என்று கத்தி முனைக்கு எதிரே விரலை வைக்கக் கூடாது.

சீவிய பொருளுக்கென்று ஒரு முகம் உண்டு. கத்தி போன வழியெல்லாம் சின்னச் சின்னத் தட்டையான பட்டைகள் நிற்கும், வெளிச்சம் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக விழும். அதை உப்புத்தாள் போட்டு மழுங்க அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வலிக்கும். உழைத்து எடுத்த பட்டைகளை அழித்துவிட்டு, கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் ஆமை போல் ஆக்குவதற்கா இவ்வளவு நேரம்? தூசியும் வீடு முழுக்கப் பரவும்.

சின்னது என்பதால் கத்தி வேலை எளிது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே குச்சியில், ஒட்டு இல்லாமல், கண்ணிகள் கோத்த சங்கிலி செய்வது கத்திக்காரர்களின் பழைய சவால். கூண்டுக்குள் உருளும் பந்து இன்னொன்று; பந்தை உள்ளே போடுவதில்லை, கட்டைக்கு உள்ளேயே விடுவித்து எடுப்பார்கள். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்து மூலையில் தொங்கும் ஒரே கல் சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே கல்லில் சிற்பிகள் செய்ததை இங்கே ஒரு பேனாக்கத்தியும் பொறுமையும் வைத்து மரத்தில் செய்து பார்க்கலாம்.

இனி தம்பி பக்கம். எங்கள் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் தச்சராக இருந்தார். உருக்கிய உலோகத்தை ஊற்றும் மணல் அச்சுக்கு முதலில் மரத்தில் அதே வடிவம் செய்து கொடுக்க வேண்டும், அதுதான் அவர் வேலை. அவர் விட்டுச் சென்றவை மூன்று உளிகள். நான் அவற்றை வைத்துத்தான் தொடங்கினேன். இரண்டு மாதம் போராடினேன். ஒரு சின்ன இலைகூடச் சரியாக வரவில்லை, உளி மரத்துக்குள் குத்தி நின்றுவிடும், இல்லையென்றால் வழுக்கி ஓடும். எனக்குக் கை வரவில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

குறை கையில் இல்லை. தச்சு உளி வேறு, சிற்ப உளி வேறு. தச்சு உளியின் வெட்டுமுனையில் சாய்வு ஒரு பக்கம் மட்டும் இருக்கும், மறுபக்கம் தட்டை. பொருத்து துளைகளை நேராக வெட்டுவதற்கு அதுதான் வேண்டும். தட்டையான சிற்ப உளிக்கு இரண்டு பக்கமும் சாய்வு உண்டு. வளைந்த உளியிலும் இப்படித்தான். அப்பாவுடையவற்றில் சாய்வு குழிவின் உள்பக்கம் இருந்தது, அச்சு வேலைக்கு ஏற்ற மாதிரி. செதுக்க வேண்டுமானால் சாய்வு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் அந்தச் சாய்வின் மேலேயே சறுக்கி, உள்ளே போய், மறுபடி வெளியே வர முடியும். ‘வீட்டில் பழைய உளி இருக்கிறது, அதில் தொடங்கலாம்’ என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிற்ப உளிகள் எண்களால் அறியப்படும். எண் வளைவைச் சொல்லும், அதன் பக்கத்தில் அகலம் மில்லிமீட்டரில் இருக்கும். 3 என்றால் கிட்டத்தட்டத் தட்டை, 5-இலும் 7-இலும் வளைவு கூடும், 9 அரைவட்டம், 11 ஆழமான வாய்க்கால். இதோடு வி வடிவ உளி ஒன்று. நூறு உளி தேவையில்லை. ஐந்து உளியில் நான் மூன்று ஆண்டு வேலை பார்த்திருக்கிறேன்.

பெயர்ப்பலகைக்கு ஏன் கத்தி போதாது என்று தம்பிக்கு ஒரே எழுத்தை வைத்து விளக்கினேன். ‘நிழல்’ சொல்லில் கடைசி எழுத்து ல். இதன் இடப்பக்கத்தில் ஒரு சுழி இருக்கிறது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் நேர்க்கோடுகளால் ஆனவை; அங்கே ஒரு தட்டை உளியே பாதி வேலையை முடித்துவிடும். நம் எழுத்து வளைந்து வளைந்து போவது. மரத்துக்கோ இழை ஒரே திசையில்தான் ஓடும். பலகையில் இழை இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுழியின் வெளிச்சுவரை ஒரு திசையில் வெட்டினால், உள்சுவரை அதற்கு எதிர்த்திசையில் வெட்ட வேண்டும். கால் வட்டம் தாண்டியதும் இரண்டும் மாறிவிடும். அடுத்த கால் வட்டத்தில் மறுபடி மாறும். மாற்றத் தவறினால் உளி இழைக்குள் நுழைந்து, எழுத்துக்கு வெளியே ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு வழி, சுழியின் வளைவுக்கு ஒத்த வளைவுள்ள உளியை எடுத்துக்கொள்வது. முதலில் எழுத்தின் நடுக்கோட்டில் உளியைச் செங்குத்தாக அழுத்தி ஒரு தடுப்பு வெட்டு. அப்புறம் இரண்டு ஓரத்திலிருந்தும் சாய்வாக அந்தக் கோட்டை நோக்கி வெட்ட, நடுவில் வி போல் ஒரு பள்ளம் விழும். உளியின் வளைவே எழுத்தின் வளைவாகிவிடுவதால் கை நடுக்கம் தெரியாது. இதனால்தான் பழகியவர்கள் எழுத்தை எழுதிவிட்டு உளி தேட மாட்டார்கள்; கையில் இருக்கும் உளியின் வளைவைக் காகிதத்தில் பதித்துப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற அளவில் எழுத்தை வரைவார்கள். கத்தியால் இதைச் செய்யவே முடியாதா என்றால், முடியும், ஒரு சுழிக்கு ஒரு மாலைப் பொழுது ஆகும். மூன்று எழுத்து, அதுவும் 8 சென்டிமீட்டர் உயரம் என்றால் ஆசை பாதியில் அறுந்துபோகும்.

செதுக்கலின் உயரம் எங்கே போகும் என்பதற்கு நமக்குச் சான்று தேட வேண்டியதில்லை. பெரம்பலூர் பக்கம் அரும்பாவூரிலும் சேலம் பக்கம் தம்மம்பட்டியிலும் செய்யும் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே உண்டு. இங்கே நீல் ரோட்டில் ஸே தியான் ஹங் என்ற கடை 1896 முதல் சீனத் தெய்வங்களை மரத்தில் செதுக்கி வந்திருக்கிறது. இவை எல்லாமே உளி வேலை. சாமி முகம், இலைக்கொடி, கதவுச் சட்டம், புடைப்புச் சிற்பம் என்று மனத்தில் ஓடுகிறவர்கள் கத்தியில் தொடங்கி ஆறு மாதத்தைக் கழிக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். ‘முதலில் கத்தி, அப்புறம் உளி’ என்பது பலர் சொல்லும் வழி. கத்தியில் கற்றது உளிக்கு உதவும், உண்மைதான், இழையோட்டம் புரியும். ஆனால் ஆசைப்பட்டது ஒன்று, செய்வது வேறு என்றால் எத்தனை பேர் தொடர்ந்து செய்கிறார்கள்?

இனி நம் ஊருக்கே உரிய விஷயம், அடுக்குமாடி. கத்திக்குச் சத்தம் கிடையாது. இரவு 11 மணிக்கு எல்லோரும் தூங்கிய பிறகு, மடியில் ஒரு துணியை விரித்துச் சீவலாம். முடிந்ததும் துணியை மடித்துக் குப்பையில் உதறினால் வேலை முடிந்தது. உளியும் கொட்டாப்புளியும் அப்படி இல்லை. மேசையின் கால் வழியாகத் தரைக்கு இறங்கும் ‘டொக் டொக்’ கீழ்வீட்டுக் கூரையில் பெரிதாகக் கேட்கும். வீவக அமைதி காக்கச் சொல்லும் நேரம் இரவு 10.30 முதல் காலை 7 வரை. அக்கம்பக்க இரைச்சல் பற்றி ஆராய்ந்த சமூக ஆலோசனைக் குழு 2022-இல் அதை இரவு 10 முதல் காலை 8 வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது. வேலை முடிந்து 8 மணிக்கு வீடு வந்து, சாப்பிட்டு எழுந்தால் 9. அப்புறம் உளிக்கு எத்தனை நிமிடம் மிச்சம்? வார நாட்களில் ஓய்வு கிடைப்பவருக்கும் வார இறுதியில் மட்டும் கிடைப்பவருக்கும் பதில் இங்கேயே மாறிவிடுகிறது.

சத்தத்துக்கு ஒரு தீர்வு உண்டு. மென்மையான மரத்தில், கூரான உளியைத் தட்டாமல் கையாலேயே தள்ளலாம். மேசைக்காலுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டாலும் பெரும்பகுதி அடங்கும். தம்பி கேட்ட இன்னொரு யோசனை, வீட்டு வாசலில் தாழ்வாரத்தில் மேசை போடலாமா என்பது. அது ஆகாது. ஆபத்து நேரத்தில் ஆட்கள் வெளியேறத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். வழி இருந்தாலும், உளியிலிருந்து தெறிக்கும் சில்லு இரண்டு மீட்டர் தாண்டும், எதிரே சைக்கிளில் பிள்ளைகள் வருவார்கள்.

மகளுக்கும் ஓர் எச்சரிக்கை சொன்னேன். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சீவுவது படத்தில் அழகாக இருக்கும். ஆனால் சிங்கப்பூரில் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது குற்றம். வாங்கிய கத்தியை உறையோடு, பொதி பிரிக்காமல், நேரே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பைக்குள் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் சுற்றக் கூடாது. கத்தி வேலை எங்கு வேண்டுமானாலும் செய்யத் தக்கது என்று எல்லோரும் புகழ்வார்கள். இந்த ஊரில் அந்த ‘எங்கு வேண்டுமானாலும்’ வீட்டுக்குள்தான்.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நான் வாங்கியபோது நல்ல கத்தி ஒன்று 40 வெள்ளி, நல்ல உளி ஒவ்வொன்றும் 60 வெள்ளியை ஒட்டி. ஐந்து உளி, இறுக்கி, கொட்டாப்புளி என்றால் 400 வெள்ளியை நெருங்கும். பத்து உளி சேர்த்து 30 வெள்ளிக்கு விற்கும் பெட்டியை மட்டும் தொடாதீர்கள். எஃகு மென்மையாக இருந்து முனை மடங்கிப் போகும்.

பணத்தைவிடப் பெரிய செலவு தீட்டும் நேரம். கத்தி ஒரே நேர்விளிம்பு. 1000 எண் சாணைக்கல், அப்புறம் தோல்வாரில் பச்சை மெருகுப் பசையைத் தடவி இருபது முப்பது இழுப்பு, அவ்வளவுதான். பழைய இடைவாரை ஒரு பலகையில் ஒட்டி நான் தோல்வார் செய்துகொண்டேன். அரைமணிக்கு ஒருமுறை அதில் தேய்த்துக்கொண்டே இருந்தால் கல்லுக்குப் போகும் தேவையே குறையும். வளைந்த உளிக்கு மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றித் தீட்ட வேண்டும். சுழற்சி ஓரிடத்தில் தங்கினால் அங்கே பள்ளம் விழும். உள்பக்கப் பிசிறுக்குத் தனியாக உருண்டைக் கல் வேண்டும். ஐந்து உளியென்றால் ஐந்து விதம். சீவுகிறவர் ஒரு மாலையில் தீட்டக் கற்றுக்கொள்வார். செதுக்குகிறவருக்கு அது ஒரு தனிப் பாடம், எனக்கு ஓராண்டு பிடித்தது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது, உளியை ஓரம் கட்டியவர்களில் பாதிப் பேர் மழுங்கிய உளியால் வெறுத்துப்போனவர்கள்தான்.

காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ள ஊர் இது. துடைக்காமல் வைத்த உளியில் ஒரு வாரத்தில் செம்புள்ளி வந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். அப்பா உளிப்பெட்டிக்குள் ஒரு கற்பூரக் கட்டியைப் போட்டு வைப்பார். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கோயில் வாசனை வரும். நானும் அப்படியே செய்கிறேன்.

அடுத்தது மரம். உலகம் முழுக்கத் தொடங்குகிறவர்களுக்குச் சொல்லப்படுவது பாஸ்வுட். வெள்ளையாக, இழையே தெரியாத அளவு சீராக இருக்கும். இணையத்தில் சின்னக் கட்டைகளாகக் கிடைக்கும். இரண்டு வேலைக்குமே ஏற்றது. ஆனால் நம் வட்டாரத்திலேயே அதற்கு ஈடான ஒன்று இருக்கிறது, ஜெலுத்தோங். அப்பா ஆயுள் முழுக்க அச்சு செய்தது அந்த மரத்தில்தான். மென்மையில் பாஸ்வுட்டுக்குச் சமம், எந்தப் பக்கம் வெட்டினாலும் அவ்வளவாக முரண்டு பிடிக்காது. அந்த மரத்துப் பாலில் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். அந்தப் பால் ஓடிய சிறு கீறல்கள் பலகையில் இங்கும் அங்கும் தெரியும். அவற்றைத் தவிர்த்து எழுத்தை அமைத்தால் போதும். சுங்கை காடுட் பக்கத்து மரக்கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

தேக்கு இவற்றைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் கடினம். உளிக்கு அது விருந்து, கத்திக்கும் விரலுக்கும் தண்டனை. அதன் தூசி சிலருக்குத் தோலில் அரிப்பையும் தரும். அரும்பாவூர்ச் சிற்பிகள் கையாளும் வாகையின் உறவுக்கார மரம்தான் நம் சாலையெங்கும் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி. பலகையாகக் கிடைத்தால் அழகிய மரம், ஆனால் சில துண்டுகளில் இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கும், அது உளிக்குப் பழகிய கைக்குத்தான் கட்டுப்படும். அதற்காகப் பூங்காவில் விழுந்து கிடக்கும் கிளையை எடுத்து வராதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது விதிக்குப் புறம்பு. அரளி, போங் போங் போன்ற நஞ்சுள்ள மரங்களும் இங்கே சர்வசாதாரணம். தெரியாத கிளையில் கரண்டி செய்து குழம்பில் போடக் கூடாது. சரக்கு அடுக்கும் மரப் பலகைகள் (பேலட்) இலவசமாகக் கிடைக்கின்றனவே என்பார்கள். முத்திரையில் ‘எச்டி’ (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றால் நச்சுப்புகை போட்டது, தொட வேண்டாம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, என் மனத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆங்கிலத்தில் சிப் கார்விங் என்பார்கள், நான் சில்லுச் செதுக்கல் என்று சொல்லிக்கொள்கிறேன். கருவி கத்திதான், உளி கிடையாது. ஆனால் மரம் தட்டையான பலகை, மடியில் சாய்த்துக்கொள்ளலாம். கத்தியைச் சுமார் 65 பாகைச் சாய்வில் மாறாமல் பிடித்து, மூன்று பக்கமிருந்து மூன்று வெட்டு. ஒரு முக்கோணச் சில்லு அப்படியே துள்ளி வெளியே வரும். சத்தம் இல்லை, இறுக்கி இல்லை, 40 வெள்ளிக்கு மேல் செலவு இல்லை. ஆனால் கிடைப்பது உளி வேலை போன்ற பள்ளமும் நிழலும்.

இதில் கோலம் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜெலுத்தோங் பலகையில் பென்சிலால் ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி வைத்தேன். நட்சத்திரக் கோலத்தின் ஒவ்வொரு இதழும் இரண்டு வளைந்த வெட்டு. இரண்டும் அடியில் சந்திக்கும்போது இதழ் வடிவச் சில்லு ஒன்று முழுசாக எழுந்து வரும். அம்மா அரிசிமாவை இரண்டு விரலுக்கு நடுவில் ஓட விடும்போது எப்படிக் கையை எடுக்காமல் ஒரே வீச்சில் இழுப்பாளோ, அதே மாதிரி இங்கும் இழுவையை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்திய இடம் தழும்பாகத் தெரியும். சிக்குக் கோலம் மட்டும் இதற்கு அடங்காது, நீளமான வளைகோடுகள் இழைக்குக் குறுக்கே போகும்போது உதிர்ந்துவிடும். அதற்கு வி உளிதான்.

தம்பி கடைசியில் 5, 7, 9 எண்களில் மூன்று உளியும் தட்டை உளி ஒன்றும் வாங்கினான். சனிக்கிழமைகளில் மதியம் மட்டும், சாப்பாட்டு மேசையில் ரப்பர் விரிப்பு போட்டு உட்காருவான். முதல் பலகையில் ழவின் கீழ்ச்சுழியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. இரண்டாவது பலகையில் சரியாக வந்தது. மகள் அதே மேசையின் மறுகோடியில் கத்தியோடு இருப்பாள். ஆமை இரண்டு முடிந்தது, நீர்நாய்க்கு வால் உடைந்து மூன்றாவது முறையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

ல்-க்கு மேல் புள்ளி வைக்கும் கட்டம் வந்தபோது, தம்பியிடம் இருந்த எந்த உளியும் அவ்வளவு சின்ன வட்டத்துக்குப் பொருந்தவில்லை. இன்னொரு உளி வாங்கக் கிளம்பினான். மகள் பலகையைத் தன் பக்கம் இழுத்து, கத்தி நுனியை நடுவில் ஊன்றி, மெல்லச் சுற்றிச் சுற்றிச் சீவி ஒரு குழி எடுத்துவிட்டாள். பலகை இப்போது தெங்கா வீட்டு வாசலில் தொங்குகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் புள்ளி மட்டும் சற்று நீள்வட்டமாக இருக்கும்.